யார் இட்ட நிறம்?

தொல்காப்பிய உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற சொற்களுக்கு அடுத்தடுத்து இரண்டு நூற்பாக்கள் உள்ளன. இவை இரண்டும் சினத்தை உணர்த்தும் என்கிறது முதல் நூற்பா. இவை நிறத்தை உணர்த்தவும் உரியவை என்கிறது அடுத்தது. நிறம் இரண்டாவதாக வருகிறது. எல்லோரும் அறிந்த பொருளை விட்டு, விளக்கம் தேவைப்படும் பொருளை முதலில் சொல்வது உரியியலின் வழக்கம் என்று இதற்கு இலக்கணக் காரணம் கூறலாம். ஆனாலும் கண் சிவந்தாள், முகம் கறுத்தான் என்று இன்றுவரை பேசும் நமக்கு அந்த வரிசையில் வேறொன்றும் புலப்படுகிறது. நிறம் என்பது நம் மொழியில் வெறும் பூச்சாக இருந்ததில்லை. அது ஏதோ ஒன்றைச் சொல்ல வந்த குறி.

அப்படியானால் அந்தக் குறியை இடும் உரிமை யாருக்கு இருந்தது? எழுத்துக்கு நிறமிட்ட வரலாற்றை ஓலையிலிருந்து கணினித் திரை வரை இந்தக் கேள்வியோடு பின்தொடர்ந்து பார்க்கலாம். வழியில் எழுத்தைவிட அதிகமாக நிறமிடப்பட்ட ஒரு பரப்பும் எதிர்ப்படும். அது பெண்ணின் உடம்பு.

ஒரே கரி, ஒரே நிறம்

பனையோலையில் எழுதியவர்களுக்கு நிறம் என்ற வசதி கிடையாது. எழுத்தாணி ஓலையைக் கீறும். கீறலின் மேல் விளக்குக் கரியையோ இலைச்சாற்றோடு குழைத்த கரியையோ தடவித் துடைத்தால், பள்ளத்தில் தங்கிய கருமை எழுத்தாகத் தெரியும். கடவுள் பெயரும் கடன் கணக்கும் அதே கரியில்தான். காற்புள்ளி, முற்றுப்புள்ளி இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் அதை மொழிக்குள்ளேயே செய்ய வேண்டியிருந்தது. தேற்ற ஏகாரம் அதற்குத்தான் பயன்பட்டது. 'நான் சொன்னேன்' என்பதற்கும் 'நானே சொன்னேன்', 'நான்தான் சொன்னேன்' என்பவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை வேறு மை இல்லாமல் தமிழ் காட்டிவிடும். அளபெடையும் அடுக்குத்தொடரும் செய்ததும் இதே வேலைதான். ஐரோப்பியத் தோல் ஏடுகளில் அதே காலத்தில் தலைப்புகளையும் புனித நாட்களையும் சிவப்பு மையால் எழுதினார்கள். செம்மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லே பின்னாளில் தலைப்பு, விதி என்ற பொருளுக்கு நகர்ந்தது. மண்ணின் நிறம் கட்டளையின் பெயராயிற்று.

எந்த மையாக இருந்தாலும் அது பெரும்பாலான பெண்களின் கைக்கு எட்டவில்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எழுத்துக்கு நிறமிடும் உரிமையைப் பற்றிப் பேசும்போது, எழுத்தே கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் மை

தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலிலிருந்தும், 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் எழுத்துகளோடு இயங்கத் தொடங்கிய அச்சகத்திலிருந்தும் வளர்ந்தது. அச்சோடு நிறுத்தற்குறிகள் வந்தன, இடைவெளி வந்தது, மெய்யின் புள்ளி நிலைபெற்றது. நிறமும் வந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. கறுப்பில் ஒருமுறை அடித்த தாளை, சிவப்புக்காக மீண்டும் ஒருமுறை எந்திரத்தில் கொடுக்க வேண்டும். மை இரட்டிப்பு, கூலி இரட்டிப்பு, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டிய கவனமும் இரட்டிப்பு. ஆகவே முக்கியம் என்று யாரோ முடிவு செய்ததற்கு மட்டுமே சிவப்பு கிடைத்தது.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் அந்த மரபின் வாரிசு. ஞாயிறும் பண்டிகையும் சிவப்பு, மற்றவை கறுப்பு. அரசு அலுவலகமும் வங்கியும் பள்ளியும் மூடியிருக்கும் நாள் என்பது அந்தச் சிவப்பின் பொருள். அடுப்படிக்கு அந்தச் சிவப்பு பொருந்துவதில்லை. சிவப்பு நாளில்தான் விருந்தினர் வருவார்கள், வடை சுட வேண்டும், சீருடைகளைத் துவைத்துப் போட வேண்டும். ஊதியம் பெறும் வேலையை மட்டுமே வேலை என்று எண்ணியவர்கள் இட்ட நிறம் அது.

அதே காலண்டரில் பெண்கள் தங்கள் நிறத்தை இட்டார்கள். பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, எரிவாயு உருளை மாற்றிய தேதிக்கு ஒரு கோடு, சீட்டுப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு ஒரு புள்ளி. மாதவிலக்கு வந்த தேதியைச் சுற்றி ஒரு வட்டம். அது எதற்கு என்று அந்த வீட்டில் வேறு யாரும் கேட்பதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அச்சகம் கொடுத்த நிறங்களின் மேல் தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட குறிமுறை அது. கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த பெண்களும் இதில் தேர்ந்திருந்தார்கள். பெண் எழுத்தின் வரலாற்றை அச்சேறிய நூல்களிலிருந்து மட்டும் தொகுப்பவர்களுக்கு இந்த ஆவணம் கிடைக்காது. டிசம்பர் முடிந்ததும் அது பழைய பேப்பரோடு போய்விடும்.

நெற்றியில் இட்ட குறி

கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவுகிறோம். சாவுச் செய்திக்கும் கருமாதிப் பத்திரிகைக்கும் கறுப்பு. படிப்பதற்கு முன்பே தாள் தன் சேதியைச் சொல்லிவிடுகிறது. இதே இலக்கணம் பெண்ணுடம்பின் மேலும் எழுதப்பட்டது. மஞ்சள், குங்குமம், சிவப்பு முகூர்த்தப் புடவை, பிறகு பல சாதிகளில் வெள்ளைப் புடவை. எதிரே வருபவளின் பெயர் தெரிவதற்கு முன் அவள் கணவன் இருக்கிறானா இல்லையா என்பது தெரிந்துவிட வேண்டும். ஆணின் உடம்பில் இப்படி ஒரு குறி இல்லை. மனைவியை இழந்தவனை வேட்டியின் நிறத்தைக் கொண்டு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

குறிஞ்சிப்பாடி வட்டத்தைச் சேர்ந்த வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞானசபை 1872 தைப்பூசத்தில் தொடங்கியது. அங்கே ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலகியபின் சோதி தெரியும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, எல்லாம் கலந்த நிறம் என்று ஏழும் ஏழு நிறம். தைப்பூசக் கூட்டத்தில் நின்று இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்து மக்கள். அங்கே நிறம் என்பது விலக வேண்டிய திரை. ஆனால் வள்ளலார் பெண்களைப் பற்றிச் சொன்ன ஒன்று திரைகளின் அளவுக்குப் பேசப்படுவதில்லை. இறந்தவரை எரிக்காமல் புதைக்கச் சொல்லி 1871இல் அவர் எழுதிய சமாதிக் கட்டளையில், கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்றும் சொல்கிறார். தாலி ஏன் கட்டப்பட்டது என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. ஆனால் அதைக் கழற்றும் அதிகாரம் ஊருக்கு இல்லை என்று 150 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கட்டளையைப் படித்த ஊரிலும் தாலி வாங்கும் சடங்கு நின்றுவிடவில்லை.

'விதவை' என்ற சொல்லிலேயே பொட்டு இல்லை. 'கைம்பெண்' என்று தமிழில் எழுதினால் இரண்டு பொட்டு கிடைக்கிறது என்று மு. கருணாநிதி சொன்னதாகப் பரவலாக வழங்கும் ஒரு பேச்சு உண்டு. மகரத்தின் மேலும் ணகரத்தின் மேலும் உள்ள மெய்ப்புள்ளிகளைத்தான் அவர் பொட்டு என்றார். அழகான நயம்தான். ஓலைக்காரர்கள் இடாமல் விட்ட புள்ளி, அச்சு வந்து நிலைபெற்று, ஒரு பெண்ணின் நெற்றிக்கு ஈடாக நிற்கிறது. ஆனால் சொல்லுக்குப் பொட்டு வைத்ததால் அந்தச் சொல்லால் அழைக்கப்படுகிறவளுக்குப் பொட்டு வந்துவிடாது. தோற்றத்தை மாற்றுவதும் விதியை மாற்றுவதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைக் கணினிக்காரர்கள் தங்கள் வழியில் கண்டறிந்த கதைக்கு இப்போது வருவோம்.

கோண அடைப்புக்குள் ஒரு நிறம்

இணையப் பக்கத்தின் எழுத்துக்கு நிறமிடும் முறை எளிது. நிறம் தொடங்கும் இடத்தில் கோண அடைப்புக்குள் ஒரு குறி. முடியும் இடத்தில் சாய்கோட்டோடு இன்னொரு குறி. டேக் என்று இதைச் சொல்கிறோம். 'ஃபான்ட் கலர் ரெட்' என்று முதல் குறியில் எழுதினால் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் எழுத்து சிவப்பாகும். குறி திரையில் தெரியாது, அதன் விளைவு மட்டும் தெரியும். உலாவி நிறுவனங்கள் புழக்கத்தில் விட்ட இந்த ஃபான்ட் குறி, 1997 ஜனவரியில் வந்த எச்.டி.எம்.எல். 3.2 பதிப்பில் முறைப்படி இடம்பெற்றது. சதுர அடைப்பைப் பயன்படுத்தும் குறிகள் 1998 வாக்கில் வந்தன. கணினிப் படிப்பு இல்லாதவர்களும் தங்கள் பேச்சுக்கு நிறமிட முடிந்தது அவற்றால்தான். இரண்டாம் மைக்கு இரண்டாம் கூலி கேட்ட அச்சகத்தின் காலம் அங்கே முடிந்தது.

மூடும் குறியை எழுத மறந்துவிட்டால் நிறம் நிற்காது. அடுத்த பத்தி, அடுத்தவர் எழுதியது, பக்கத்தின் அடிவரை எல்லாம் சிவந்துவிடும். சாயம் நிற்காத துணியை மற்றத் துணிகளோடு ஊறப்போட்டவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

தமிழுக்கு இந்த ஃபான்ட் குறியோடு வேறொரு உறவும் இருந்தது. 1990களின் கடைசியில் இணையத்தில் தமிழ் என்பதே ஒரு தோற்றமாகத்தான் இருந்தது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரிவதன் அடியில் கணினி வைத்திருந்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ரோமன் குறிகளை. 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பக்கத்தில் ஃபான்ட் குறி இருந்து, படிப்பவரின் கணினியில் அந்த எழுத்துருவும் இருந்தால்தான் அது அம்மா. குறியை எடுத்துவிட்டால் யாருக்கும் புரியாத ஆங்கில எழுத்துக் குப்பை. நிறத்தை அகற்றுவதுபோல மொழியையே அகற்றிவிட முடிந்த காலம் அது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னூலாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2000இல் வந்த விண்டோஸ் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தது. அதன் பிறகே, எந்த எழுத்துருவில் பார்த்தாலும் அம்மா அம்மாவாகவே இருந்தாள். ஒப்பனையாக இருந்த தமிழுக்குக் கணினிக்குள் சொந்த இடம் கிடைத்தது.

எப்படித் தெரிய வேண்டும், எதுவாக இருக்கிறது

ஃபான்ட் குறி வந்த சில மாதங்களிலேயே அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 அதைத் தவிர்க்கும்படி சொன்னது. எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஒவ்வொரு சொல்லிலும் எழுதிவைக்காதீர்கள். அது எதுவாக இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். தோற்றத்தைத் தனித்தாளில் வையுங்கள் என்பது புதிய கொள்கை. 'இது சிவப்பு' என்பதற்குப் பதில் 'இது எச்சரிக்கை'. எச்சரிக்கை எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்பதை ஸ்டைல் ஷீட் என்ற தனித்தாள் சொல்லும். தாளில் ஒரு வரியை மாற்றினால் ஆயிரம் பக்கங்களில் எச்சரிக்கையின் நிறம் மாறிவிடும். தொல்காப்பியர் சினத்தை முன்னும் நிறத்தைப் பின்னும் வைத்த முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைச் சார்ந்திருக்கும் பார்வையற்ற பெண்ணுக்கு 'சிவப்பில் உள்ளவற்றை நிரப்பவும்' என்ற வரி பயன்படாது. சிவப்பு, பச்சை பிரித்தறிய இயலாதவர்களுக்கும் அப்படியே. நிறத்தை மட்டும் நம்பிப் பொருளைச் சொல்லாதீர்கள் என்று 1999 மே மாதத்தில் வந்த இணைய அணுகல் வழிகாட்டி விதித்தது.

பெண்ணியம் படிக்கும் நமக்கு இந்தப் பிரிப்பு பழகியதுதான். சுமங்கலி, விதவை, வாழாவெட்டி, மலடி என்று சமூகம் நம்மை வகைப்படுத்தி வைத்திருக்கிறது. புடவை நிறமும், கல்யாண வீட்டில் நிற்க வேண்டிய இடமும், ஆலத்தி எடுக்கும் உரிமையும் வேறொரு தாளிலிருந்து தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. தனியாக ஒருத்தி பொட்டு வைத்துக்கொண்டால் அது துணிச்சல்; ஊர் அதை அவள் ஒருத்தியின் பிழையாக எழுதிக்கொள்ளும். மாற்ற வேண்டியது தாளில் இருக்கிறது. தாளை எழுதியவர்கள் யார்?

ஸ்டைல் ஷீட்டுக்குள்ளும் இதே சண்டை நடந்தது. பக்கத்தை எழுதியவர் ஒரு நிறம் கேட்கிறார். கண் கூசுகிறது என்று படிப்பவர் வேறொரு நிறம் கேட்கிறார். இருவரும் 'இது மிக முக்கியம்' என்று குறித்துவிட்டால் யார் சொல் நிற்கும்? 1996 டிசம்பரில் வந்த சி.எஸ்.எஸ். முதல் பதிப்பில் எழுதியவர் சொல்லே நின்றது. 1998 மே மாதத்து இரண்டாம் பதிப்பில் அது தலைகீழானது. பெரிய எழுத்தும் அழுத்தமான நிறமும் தேவைப்படும் வாசகரின் சொல்லே இறுதி என்றாயிற்று. ஒரு தொழில்நுட்ப ஆவணத்தில் ஓரிரு வரித் திருத்தம்தான். ஆனால் ஒரு விதியால் பாதிக்கப்படுகிறவருக்கே அதில் கடைசிச் சொல் என்ற கொள்கையை நம் குடும்பச் சட்டங்களில் இவ்வளவு தெளிவாகத் தேடிப் பார்த்தால் கிடைப்பது அரிது.

தறியில் எண்ணியவர்கள்

நிறத்தைக் குறியாக்கும் அறிவு கணினியோடு பிறந்ததில்லை. குறிஞ்சிப்பாடி நெசவூர், கைலிக்குப் பேர்போனது. கட்டம் போட்ட கைலி ஒன்றை விரித்துப் பாருங்கள். பாவில் இத்தனை இழை சிவப்பு, இத்தனை கறுப்பு, மீண்டும் இத்தனை வெள்ளை. ஊடையிலும் அதே கணக்கு. ஓர் இழை கூடினாலும் கட்டம் பிசகும். இந்தக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளாக்கித் தறிக்குக் கொடுத்தது 1800களின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான ஜக்கார்டு முறை. இலையும் பூவும் நெய்யும் அந்தத் தறியோடு எண்களை நெய்யும் எந்திரம் ஒன்றை ஒப்பிட்டு 1843இல் எழுதினார் அடா லவ்லேஸ். கணினி நிரலின் வரலாறு அவர் பெயரோடு தொடங்குகிறது.

அவர் பெயராவது நின்றது. நம் தறி வீடுகளில் சிட்டத்திலிருந்து நூலை இழுத்துத் தார் சுற்றுவதும், பாவுக்கு நிற வரிசை பிசகாமல் நூல் சேர்ப்பதும், அறுந்த இழையை முடிச்சிடுவதும் பெரும்பாலும் பெண்கள். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவருக்கே நெசவாளர் என்ற பெயர். மற்றவை 'கூடமாட ஒத்தாசை'. 2019-20ஆம் ஆண்டின் நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் பெண்கள் என்று பதிவு செய்திருக்கிறது. கணக்கெடுத்தால் தெரிகிறது, கூலிப் புத்தகத்தில் தெரிவதில்லை. திரையில் விளைவை மட்டும் காட்டிவிட்டுத் தான் மறைந்துகொள்ளும் குறியைப் போலத்தான் அந்த உழைப்பும்.

பெயரிடும் உரிமை

இணைய நிறங்களுக்குப் பெயர்கள் உண்டு. அவற்றில் ஒன்று ரெபெக்கா பர்ப்பிள், எண் 663399. சி.எஸ்.எஸ். வளர்ச்சியில் பெரும் பங்காற்றிய எரிக் மேயரின் மகள் 2014 ஜூனில், தன் ஆறாவது பிறந்தநாளன்று புற்றுநோயால் இறந்தாள். ஊதா அவளுக்குப் பிடித்த நிறம். அவள் பெயரை அந்த நிறத்துக்கு இட உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் முன்வந்தபோது, 'பெக்கா' என்ற செல்லப்பெயர் வேண்டாம், 'ரெபெக்கா' என்றே இருக்கட்டும் என்றார் தந்தை. பெக்கா குழந்தைப் பெயர், ஆறு வயதானதும் தன்னை ரெபெக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள். அரை நாள் மட்டுமே அவளுக்கு ஆறு வயது. அந்த அரை நாளை அவர்கள் மதித்தார்கள். நிறங்களுக்கு இடப்பட்ட பெயர்களில் ஒரு சிறுமியின் சொல்லைக் கேட்டு இடப்பட்ட பெயர் இது.

நிறம் எப்போதும் நமக்கு எதிரி என்று சொல்ல வரவில்லை. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எது அந்தப் பேருந்து என்று அடையாளம் தெரிய 2022 ஆகஸ்டில் சென்னையில் முன்புறமும் பின்புறமும் இளஞ்சிவப்புப் பூசினார்கள். பலகை படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் தொலைவிலிருந்தே அது தெரிந்தது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொள்ள நேரம் கிடைத்தது. அதே பேருந்தை 'ஓசி பஸ்' என்று ஏசியவர்களும் இருந்தார்கள். உரிமை என்பது ஆணையில் எழுதப்பட்டிருக்கிறது. இளஞ்சிவப்பு அதன் தோற்றம் மட்டுமே. நாளை வண்டிக்குப் பச்சை அடித்தாலும் ஆணை இருக்கும்வரை ஏறலாம். ஆணை போய்விட்டால் எத்தனை வாளி இளஞ்சிவப்பும் உதவாது.

ஆகவே ஒரு நிறத்தைப் பார்க்கும்போது மாணவிகள் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இந்த நிறம் எதைச் சொல்கிறது? அதைச் சொல்லும் விதி எந்தத் தாளில் இருக்கிறது? அந்தத் தாளைத் திருத்தும் இடத்தில் நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? முதல் கேள்வியை இலக்கியம் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் விடை தேடச் சட்டப் புத்தகத்தையும் கூலிப் புத்தகத்தையும் நிரலையும் படிக்க வேண்டும். அவை நமக்கான படிப்பு இல்லை என்று சொல்லப்பட்டதும் ஒரு காலத்தில் யாரோ இட்ட நிறம்தான்.